மூன்றாவது மீசான் கல்

786

லப்பைக்குடிக்காடு,
14.7.2025

மகள் இஃப்பத்துக்கு உன் பெரியத்தா அப்துல் லத்தீப் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், உன் பெரியம்மா ஹபீபா, பேரன் அத்னான் எல்லாரும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீ நலமா? கல்லூரியில் பாடம் நடத்தும் வேலை எப்படிப் போகிறது?

இருபத்திரண்டு வருஷம் கழித்து இதென்ன கடிதம் என்று நினைப்பாய். உன் வீட்டாரோடு பேச மாட்டேன் என்று ஜமாஅத்தார் முன்னால் சத்தியம் செய்தவன் நான். பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே போனில் கூப்பிட்டுவிடாதே.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ரம்ஜான் பெருநாள் முடிந்ததும் அத்னானுக்கு நிக்காஹ். பெண் வீட்டார் குவைத்தில் பெரிய கை. நம்முடையது ஒலாந்தா வூடு என்பது ஊருக்கே தெரியும். நாகப்பட்டினத்தை டச்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் துணி வாங்க வந்த துரை ஒருவர் இங்கேயே இஸ்லாத்தைத் தழுவி, ஒலாந்தா சாயபு என்று பேர் பெற்று, மவுத்தான பின் நம் மையவாடியில் அடங்கியிருக்கிறார். அத்னானின் பூனைக் கண் அவர் கொடுத்ததுதான். துரையின் பேர், ஊர், வம்சம் எல்லாவற்றையும் சலவைக்கல்லில் வெட்டி மையவாடியில் பலகை வைக்க எண்ணம். நீ ஹாலந்துக்குப் போய்ப் பழைய டச்சு எழுத்து படித்துவிட்டு வந்திருக்கிறாயாம். என்ன இருந்தாலும் நீ என் தம்பி அல்தாபின் ரத்தம். இதைத் தேடிக் கொடு.

வஸ்ஸலாம்.
அப்துல் லத்தீப்


அரியலூர்,
2.8.2025

பெரியத்தா அவர்களுக்கு, வஅலைக்கும் முஸ்ஸலாம். நான் நலம். பெரியம்மாவுக்கும் அத்னானுக்கும் உங்கள் முழங்காலுக்கும் துஆ செய்கிறேன். அம்மாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் நடக்கிறது, மற்றபடி நலம். நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

‘அல்தாபின் ரத்தம்’ என்று நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அத்தா குவைத்தில் இறந்து பெட்டியில் வந்த அன்று எனக்கு ஐந்து வயது. அம்மாவின் இடுப்பில் இருந்தபடி உங்கள் வீட்டுக் கம்பிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பூட்டிய கை யாருடையது என்று ஞாபகம் இருக்கிறது. செந்துறையில் கண்ணகியாகப் பிறந்து, ஷைமாவாகி, திருச்சியில் நிக்காஹ் செய்து, ஆறு வருஷம் குடும்பம் நடத்தியவர், புருஷன் முகத்தைப் பார்க்காமல் பஸ் ஏறித் திரும்பினார். அன்று இந்த ரத்தம் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

தேடித் தருகிறேன். கூலி வேண்டாம். இரண்டு நிபந்தனைகள். கிடைப்பது எதுவானாலும் அப்படியே பலகையில் ஏற வேண்டும். இரண்டாவது, அத்தாவுக்குப் பக்கத்தில் அடங்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. மையவாடியை நிர்வகிக்கும் முத்தவல்லி நீங்கள்தான். சம்மதமா என்று எழுதுங்கள்.

இஃப்பத்


லப்பைக்குடிக்காடு,
10.8.2025

மகள் இஃப்பத்துக்கு, ஸலாம். இங்கே அனைவரும் சுகம். நீ சுகமாக இருக்க துஆ.

உன் முதல் நிபந்தனைக்கு முழுச் சம்மதம். மறைக்க நம் வம்சத்தில் என்ன இருக்கிறது? இரண்டாவது விஷயம் ஜமாஅத்தின் சட்டதிட்டத்துக்கு உட்பட்டது. நிக்காஹ்களைப் பதியும் தப்தரில் பேர் இல்லாதவர்களுக்கு மையவாடியில் இடம் கொடுப்பதில்லை. நான் ஒருத்தன் நினைத்து என்ன ஆகும்? அதைப் பிறகு பார்க்கலாம்.

பழையதைக் கிளறாதே. நீ படித்த பெண். சலவைக்கல்லுக்குச் சொல்லியாகிவிட்டது. துரையின் பேரைச் சீக்கிரம் அனுப்பு. பெண் வீட்டார் இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள்.

அப்துல் லத்தீப்


அரியலூர்,
21.9.2025

பெரியத்தா அவர்களுக்கு, ஸலாம். உங்கள் எல்லோருடைய நலமும் அறிய ஆவல். அம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் உங்கள் கடிதம் வந்தால் தலையணையை நிமிர்த்தி உட்கார்ந்து, “படி, என்ன எழுதியிருக்காரு பாப்போம்” என்கிறார்.

கல்லூரியில் ஒரு வாரம் விடுப்பு எடுத்துச் சென்னை ஆவணக் காப்பகத்துக்குப் போய் வந்தேன். உங்கள் துரை கிடைத்துவிட்டார். பேர் கொர்னேலிஸ் ப்ரண்ட். 1741இல் நாகப்பட்டினத்தில் வந்து இறங்கியிருக்கிறார். அப்பா, ஹோர்ன் என்கிற துறைமுகத்தில் கயிறு திரிப்பவர். துரை என்றீர்கள், பரவாயில்லை, கயிறும் நல்ல தொழில்தான்.

ஒரு சின்னச் சிக்கல். 1762இல் காய்ச்சல் கண்டு இறந்தவரை நாகப்பட்டினத்து டச்சுத் தேவாலய வளாகத்திலேயே புதைத்ததாக எழுதியிருக்கிறது. அவர் அங்கே கிடக்கிறார் என்றால் நம் மையவாடியில் பச்சைப் போர்வைக்கு அடியில் கிடப்பது யார்? எனக்காக ஒன்று பாருங்கள். ஆணின் கபுருக்குத் தலைமாட்டிலும் கால்மாட்டிலுமாக இரண்டு மீசான் கல் நடுவதும், பெண்ணுக்கு நடுவில் சேர்த்து மூன்று நடுவதும் நம் பக்கத்து வழக்கம். ஒலாந்தா சாயபுக்கு எத்தனை கல் என்று எண்ணி எழுதுங்கள்.

இஃப்பத்


லப்பைக்குடிக்காடு,
28.9.2025

மகள் இஃப்பத்துக்கு, ஸலாம். யாவரும் நலம். சென்னை அலைச்சலில் உன் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

பேர் கிடைத்ததைக் கேட்டு வீடே சந்தோஷப்பட்டது. கயிறு என்றெல்லாம் பலகையில் போட வேண்டாம், ‘கப்பல் தொழில் குடும்பம்’ என்று போட்டுக்கொள்ளலாம். அது பொய்யும் இல்லை.

கல் இரண்டு. நானே போய் எண்ணிப் பார்த்தேன். நாகப்பட்டினத்தில் புதைத்தது வேறு யாரோ ப்ரண்ட்டாக இருக்கும். நன்றாகத் தேடு. மையவாடியில் பலகைக்கு மேடை கட்டும் வேலை தொடங்கிவிட்டது. கொத்தனார் உன் அம்மா ஊர்ப் பக்கத்து ஆள்தான், அரியமுத்து என்று பேர். கை சுத்தமான வேலைக்காரன்.

அப்துல் லத்தீப்


அரியலூர்,
9.11.2025

பெரியத்தா அவர்களுக்கு, ஸலாம். பெரியம்மாவுக்கும் அத்னானுக்கும் என் அன்பு. அம்மா பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். எழுந்து நடக்க முடிகிறது.

ஆஸ்பத்திரிக்கு அம்மாவைப் பார்க்க ஒருவர் வந்தார். செந்துறை அரியமுத்து. சாத்துக்குடியோடு ஒரு செய்தியும் கொண்டுவந்தார்.

“அக்கா, மேடைக்கு மண்ண எடுக்கயில அந்த சாயபு சமாதி நடுவுல ஒரு கல்லு மொட்டையா நிக்குது. மேல ஒடஞ்சு போயி, அடி மட்டும் பொதஞ்சு கெடக்கு. பெரியவருகிட்ட காட்டுனேன். கம்ப வெச்சுத் தட்டிப் பாத்தாரு. அப்பறம், சிமெண்ட்ட போட்டு மூடிடு, யாருகிட்டயும் சொல்லாதேன்னுட்டாரு.”

ஆக, எண்ணினீர்கள். சரியாகவே எண்ணியிருக்கிறீர்கள்.

இப்போது ஆவணம் சொல்வதைக் கேளுங்கள். கொர்னேலிஸ் ப்ரண்ட்டின் உயில் கிடைத்துவிட்டது. கலியாணம் செய்துகொள்ளாதவர். பஞ்ச காலத்தில் ஒரு பெண்ணை விலைக்கு வாங்கியிருக்கிறார். ‘அரியலூர்ப் பாளையத்திலிருந்து கொண்டுவரப்பட்டவள், பெற்றோர் இட்ட பேர் தெரியாது, நான் ரோசா என்று அழைக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறது. அவளுக்கு அவரால் பிறந்த இரண்டு ஆண் பிள்ளைகள். சாகும்போது மூன்று பேரையும் விடுதலை செய்திருக்கிறார். ஓரத்தில் இன்னொரு கையெழுத்தில் ஒரு குறிப்பு: அந்தப் பெண் பிள்ளைகளோடு, வெள்ளாற்றங்கரைத் துணி வியாபாரிகளுடன் ஊரைவிட்டுப் போய்விட்டாள்.

வெள்ளாற்றங்கரை என்றால் நம் லப்பைக்குடிக்காடு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துரை அங்கே வரவே இல்லை, பெரியத்தா. வந்தது அவள்தான். அந்த ஊர் அவளுக்கு இடம் கொடுத்தது, கலிமா சொல்லிக் கொடுத்தது, செத்த பிறகு மூன்று கல் நட்டது. ஒலாந்தா வூடு என்பது அவள் வீடு. இதைப் பலகையில் ஏற்றுங்கள்.

இஃப்பத்


லப்பைக்குடிக்காடு,
30.11.2025

இஃப்பத்துக்கு, ஸலாம். இங்கே சுகம்.

நீ எழுதியதைப் படித்தேன். பெண்களின் பேரைப் பலகையில் போடுவது நம் குடும்பத்தில் வழக்கமில்லை. உயிலில் எழுதியிருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் விலைக்கு வாங்கினான், கலியாணம் இல்லை என்பதையெல்லாம் நிக்காஹ் நேரத்தில் சம்பந்தி வீட்டார் முன்னால் சொல்ல முடியுமா? கொர்னேலிஸ், அவருக்கு இரண்டு மகன்கள், அதோடு நிறுத்திக்கொள்ளலாம். பிள்ளைகள் வானத்திலிருந்து விழுந்தார்களா என்று யாரும் கேட்கப்போவதில்லை.

துரையின் சொந்தக்காரர்கள் பற்றி இன்னும் ஏதாவது கிடைக்கிறதா என்று பார். அண்ணன் தம்பி யாராவது பெரிய பதவியில் இருந்திருக்கலாம்.

அப்துல் லத்தீப்


அரியலூர்,
4.1.2026

பெரியத்தா அவர்களுக்கு, ஸலாம். குளிர் அதிகமாக இருக்கிறது, முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொள்ளுங்கள். அம்மா படுக்கையில்தான் இருக்கிறார். பேச்சு குறைந்துவிட்டது. இடத்தைப் பற்றி மட்டும் கேட்கிறார்.

அண்ணன் தம்பி பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு அண்ணன் கிடைத்திருக்கிறார். யாக்கோப் ப்ரண்ட். தம்பி செத்ததும் நாகப்பட்டினத்து ஆளுநர் சபைக்கு ஒரு மனு எழுதியிருக்கிறார். தமிழில் கீழே தருகிறேன்.

‘மதிப்புக்குரிய சபையோருக்கு. மறைந்த என் தம்பியின் மனைவி என்று சொல்லிக்கொண்டு ஒருத்தி பிள்ளைகளோடு வந்து என் வீட்டு வாசலில் நிற்கிறாள். இவளுக்கும் என் தம்பிக்கும் திருமணம் நடந்ததற்கு எந்தப் பதிவும் இல்லை. நான் அறிந்து அப்படி ஒன்று நடக்கவே இல்லை. செந்துறைப் பக்கத்துக் காட்டிலிருந்து வந்தவள், இன்ன குலம் என்று தெரியாது. சடலத்தின் முகத்தைப் பார்க்க விட்டால் நாளை உறவு கொண்டாடுவாள் என்பதால் கதவைப் பூட்டியிருக்கிறேன். எங்கள் குடும்ப இடத்தில் இவளுக்கும் இவள் வயிற்றில் பிறந்ததற்கும் உயிரோடும் இடமில்லை, செத்தும் இடமில்லை என்று தீர்மானம் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.’

இவர்தான் நம் வம்சத்துப் பெரியவர். பலகையில் போடலாமா என்று யோசித்து எழுதுங்கள்.

இஃப்பத்


லப்பைக்குடிக்காடு,
12.1.2026

அன்பு மகள் இஃப்பத்துக்கு, ஸலாம். நலம், நலமறிய ஆவல்.

மனுவை வீட்டில் எல்லோரும் இருக்கும்போது நானே உரக்கப் படித்தேன். அத்னான் கொதித்துவிட்டான். “இவனெல்லாம் மனுசனா? செத்த மொகத்தக்கூட பாக்க வுடலியே, பாவி” என்று கத்தினான். எனக்கும் நெஞ்சு பதறிவிட்டது. தம்பி பெற்ற பிள்ளைகளை ‘பிறந்தது’ என்று மாட்டைப் போல எழுத ஒருவனுக்கு எப்படிக் கை வந்தது? இப்படிப்பட்டவனுக்கு அல்லாஹ்விடம் மன்னிப்பே கிடையாது. உன் பெரியம்மா மட்டும் பாதியில் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

உண்மையை ஒத்துக்கொள்கிறேன். நடுக்கல் இருந்தது. மூடச் சொன்னதும் நான்தான். அந்த ஏழைப் பெண் பட்ட பாட்டைப் படித்த பிறகு மனசு கேட்கவில்லை. சிமெண்ட்டைக் கொத்தி எடுத்து மூன்றாவது கல்லை நட்டுவிட்டேன். பலகையில் முதல் பேர் அவளுடையதுதான். சம்பந்தி என்ன நினைத்தாலும் சரி.

உன் அம்மா விஷயம் வேறு. அதையும் இதையும் போட்டுக் குழப்பாதே.

அப்துல் லத்தீப்


அரியலூர்,
13.2.2026

பெரியத்தா அவர்களுக்கு, ஸலாம். நான் நலம். அங்கே அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

யாக்கோப் ப்ரண்ட் என்று யாரும் இல்லை. கொர்னேலிஸ் ஒற்றைப் பிள்ளை. உயில் நிஜம், ரோசா நிஜம், ஓரக் குறிப்பும் நிஜம். அவற்றின் படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன், டச்சு தெரிந்த யாரிடமும் காட்டிக்கொள்ளலாம். மனு மட்டும் டச்சுக்காரன் எழுதியதல்ல. அதன் மூலமும் இத்துடன் இருக்கிறது. 12.6.2003 என்று தேதி போட்டு, லப்பைக்குடிக்காடு ஜமாஅத்துக்கு நீங்கள் உங்கள் கையால் எழுதிய கடிதத்தின் நகல். தீர்மானத்தோடு சேர்த்து அம்மாவிடம் கொடுத்தார்கள். பெட்டியின் அடியில், அத்தாவின் சட்டைக்குக் கீழே வைத்திருந்தார்.

நான் மாற்றியது கொஞ்சம்தான். ஜமாஅத்தை ஆளுநர் சபை ஆக்கினேன். மய்யித்தைச் சடலம் என்றேன். நிக்காஹ்வைத் திருமணம் என்றேன். ஒரு பெண் பிள்ளையைப் ‘பிள்ளைகள்’ என்று போட்டேன். செந்துறையைக்கூட மாற்றவில்லை. ‘வயிற்றில் பிறந்தது’ நான்தான்.

உங்கள் எழுத்தை நீங்களே உரக்கப் படித்து, உங்கள் நெஞ்சே பதறி, மன்னிப்பே கிடையாது என்று தீர்ப்பும் எழுதி அனுப்பிவிட்டீர்கள். அதை மாற்ற நான் யார்? பெரியம்மா ஏன் எழுந்து போனார் என்று கேட்டுப் பாருங்கள். அன்று கதவுக்கு உள்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

இன்னும் ஒன்று. ‘நான் அறிந்து அப்படி ஒன்று நடக்கவே இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் எழுதுங்கள். அவசரமில்லை.

இஃப்பத்


லப்பைக்குடிக்காடு,
9.3.2026

என் மகள் இஃப்பத்துக்கு உன் பெரியத்தா ஸலாம் சொல்லி எழுதுவது.

உன் உறை வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. முதல் வாரம் உன்னைத் திட்டித் தீர்த்தேன். இரண்டாவது வாரம் அந்த நகலை அத்னான் பார்த்துவிட்டான். இப்போது என் எதிரே உட்கார்ந்து நோன்பு திறப்பதில்லை. ஹபீபா முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாளாம். “ஒங்களுக்கே தெரியலியேன்னுதான் பயந்துட்டேன்” என்றாள். அதற்குப் பிறகு அவளும் என்னோடு பேசவில்லை.

அந்த வரிக்குப் பதில். திருச்சியில் நடந்த நிக்காஹ் எனக்குத் தெரியும். நான் போயிருந்தேன். இரண்டு சாட்சிக் கையெழுத்தில் ஒன்று என்னுடையது. வீட்டில் சண்டை வரும் என்று ஊரில் சொல்லவில்லை. அல்தாப் போன பிறகு சொல்ல வேண்டியிருந்தது, சொல்லவில்லை. செந்துறைக் காட்டுப் பெண்ணுக்கு ஒலாந்தா வூட்டில் என்ன இடம் என்கிற திமிர். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அல்தாபின் வலப்பக்கம் இடம் அளந்து சுற்றிலும் செங்கல் பதித்துவிட்டேன். முத்தவல்லி என்ற முறையில் சம்மதக் கடிதம் இத்துடன் இருக்கிறது. பலகை வேலையை நிறுத்திவிட்டேன். சத்தியத்தை முறிப்பதற்குப் பரிகாரம் பத்து ஏழைகளுக்குச் சோறு போடுவது என்று இமாம் சொன்னார். நேற்று நோன்பு திறக்க வைத்துப் போட்டாகிவிட்டது. இனி நான் பேசலாம். பெருநாளுக்கு மறுநாள் அரியலூர் வருகிறேன். உன் அம்மாவிடம் வாயால் கேட்க வேண்டும்.

உன் அம்மா நலமா? ஷைமா எப்படி இருக்கிறார்?

அப்துல் லத்தீப்


அரியலூர்,
14.3.2026

பெரியத்தா அவர்களுக்கு, ஸலாம். நான் இருக்கிறேன்.

அம்மா நலமா என்று கேட்டிருக்கிறீர்கள். எட்டு மாதத்தில், உங்கள் ஆறு கடிதங்களில், இதுதான் முதல் தடவை.

அம்மா பிப்ரவரி பதினொன்றாம் தேதி காலையில் போய்விட்டார். அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் உங்களுக்கு அந்த உறையை அனுப்பினேன். வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதியிருந்தால் ஜனாஸா தொழுகைக்கு வந்து முதல் வரிசையில் நின்றிருப்பீர்கள், முகத்தையும் பார்த்திருப்பீர்கள். அந்த முகம் உங்களுக்குக் கிடையாது.

ஜனவரியில் உங்கள் மனசு இளகியிருந்தபோது நான் காலில் விழுந்து கேட்டிருந்தால் இடம் கொடுத்திருப்பீர்களோ என்னவோ. கேட்கவில்லை. உங்களை அடிக்க வேண்டும் என்ற வெறி, அம்மாவின் ஆசையைவிட எனக்குப் பெரிதாகிவிட்டது. அது என் பங்கு. நான் சுமந்துகொள்கிறேன்.

உங்கள் பங்கைச் சொல்கிறேன். சாட்சிக் கையெழுத்து பற்றி நீங்கள் எழுதிய பக்கத்தின் நகலை உங்கள் ஜமாஅத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அம்மா எனக்கு அதை எப்போதோ சொல்லியிருக்கிறார். உங்கள் கையெழுத்தில் வர வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். தப்தரில் இனி அல்தாபின் மனைவி ஷைமா என்று ஏறும். சம்மதக் கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அத்தாவின் வலப்பக்கம் அளந்த இடத்தை அப்படியே விட்டு வையுங்கள். யாரையும் அங்கே அடக்கம் செய்யக் கூடாது, நாளைக்கு உங்களையும். மையவாடிக்கு வருகிறவர்கள் அது யாருடைய இடம் என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் நீங்களே சொல்லுங்கள்.

பெருநாளுக்கு மறுநாள் தாராளமாக வாருங்கள். அம்மா அரியலூர் மையவாடியில், மேற்குச் சுவரோரம், கடைசி வரிசையில் இருக்கிறார். மூன்று கல், எண்ணிக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்குச் சோறு போட்டுவிட்டீர்களே, உட்கார்ந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுங்கள்.

இஃப்பத்
ஷைமாவின் மகள்